பங்களாவுக்குப் பின்கதவு இல்லை

இதுவரை யாரும் கேமாகச் செய்யாத கதை ஒன்று வேண்டும் என்று எங்கள் கம்பெனியில் கேட்டபோது முதலில் கையைத் தூக்கியவள் நான்தான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்காது.

கோலாலம்பூரில் வீடியோ கேம் செய்கிற சின்னக் கம்பெனி அது. படம் வரைகிறவர்கள் இருந்தார்கள், அதைக் கம்ப்யூட்டரில் ஓடவைக்கிறவர்கள் இருந்தார்கள், எழுதுகிறவள் நான் ஒருத்திதான். கேமில் கடைக்காரன் "வாங்க, என்ன வேணும்?" என்பான், காவல்காரன் "நில்!" என்பான். அந்தப் பேச்சையெல்லாம் யாரோ ஒருவர் எழுத வேண்டும் அல்லவா, அந்த யாரோ நான். கேமரன் மலையில் டீ தோட்டத்தில் இருந்த என் அம்மாவிடம், மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "பொம்மைங்களுக்குப் பேசக் கத்துக்குடுக்குது" என்று சொல்லிவிடுவாள். அதைவிடச் சரியாக என்னாலும் சொல்ல முடியாது.

முதலாளி என்னைவிட இளையவர். பெட்டாலிங் ஜெயாவில் வளர்ந்த தமிழ்ப் பையன். அவருடைய தாத்தா எங்கோ ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவராக, இருந்தவராம். அதனால் தோட்டம் தனக்கும் தெரியும் என்று அடிக்கடி சொல்வார். என்னை அக்கா என்பார். மற்றவர்கள் முன்னால் நான் அவரை பாஸ் என்பேன், கோபம் வந்தால் தம்பி என்பேன். அந்த வருடம் நிறையத் தம்பி சொன்னேன்.

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. எந்த கேமை எடுத்தாலும், விளையாடுகிறவன் கதவைத் தட்டுவதே இல்லை. யார் வீட்டுக்குள்ளும் நேராக நுழைகிறான். அலமாரியைத் திறக்கிறான், பானையை உடைக்கிறான், உள்ளே இருப்பதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்காரி அடுப்படியில் நின்றுகொண்டு, "இன்னிக்கு வெயில் நல்லா இருக்கு" என்கிறாள். அந்த வரியையும் நான்தான் எழுதியிருப்பேன். எழுதும்போதெல்லாம் எரிச்சலாக வரும். திருடன் நுழைந்திருக்கிறான், கத்தாமல் வெயிலைப் பற்றிப் பேசுகிறாளே என்று இருக்கும். அனுமதி கேட்டு வாசலில் நிற்கிறவர்களைப் பற்றி ஒரு கேம் கிடையாதா? உலகத்தில் பாதிப் பேருக்கு வாழ்க்கை அப்படி நிற்பதிலேதானே போகிறது?

அன்றைய கூட்டத்தில் நான் சொன்ன கதைகள் எல்லாம் என் ஊர்க் கதைகள்தான். வெள்ளத்திலிருந்து தப்பி ஓடுகிற கேம் நிறைய இருக்கிறது. வெள்ளம் வடிந்த பிறகு என்ன நடக்கிறது என்று ஒரு கேம் இல்லை. எங்கள் மலையில் லெம்பா பெர்த்தாம் என்கிற பள்ளத்தாக்கு ஊரில் சொந்தக்காரர்கள் வீட்டுக்குள் சேறு புகுந்தபோது, நாங்கள் எல்லாரும் போய் வாளி வாளியாக அள்ளினோம். சாமி படத்தைக் கழுவினோம். அரிசிப் பானை எங்கே புதைந்திருக்கிறது என்று கையால் துழாவினோம். அதையே கேமாகச் செய்யலாம் என்றேன். பானை கிடைக்கிற நேரம் மனசு எப்படித் துள்ளும் தெரியுமா என்றேன். முதலாளி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு பனிமூட்டத்தில் மலை இறங்குகிற லோரியைப் பற்றிச் சொன்னேன். வேகமாகப் போனால் பள்ளத்தில் விழுவான், மெதுவாகப் போனால் காய் வாடிப்போகும், இரண்டுக்கும் நடுவில் வண்டி ஓட்ட வேண்டும். அதற்கு மட்டும் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "லோரி பறக்குமாக்கா?" என்று கேட்டார். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

கடைசியில்தான் எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன். தோட்டத்தில் லயத்து வீடு, அதாவது வேலை செய்கிறவர்களுக்குத் தோட்டமே வரிசையாகக் கட்டிவிட்ட வீடு, யாருக்கும் சொந்தம் இல்லை. அந்த வீட்டில் இருப்பவர்களில் ஒருவருக்காவது பேர் இருக்க வேண்டும். பேர் என்றால் பெரட்டில், அதாவது விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிற்கவைக்கிற இடத்தில், கூப்பிடுகிற பேர். பேர் இருக்கும்வரை வீடு இருக்கும். பேர் போனால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பிறந்தது, சடங்கானது, கல்யாணம் கட்டியது, செத்தது எல்லாம் அந்தச் சுவர்களுக்குள் நடந்திருக்கும். அதையெல்லாம் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

"இதுதான் கேம்" என்றேன். ஒரு குடும்பம், ஒரு வீடு. வருடா வருடம் வீட்டிலிருந்து யாரைப் பெரட்டுக்கு அனுப்புவது என்று விளையாடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். மோட்டார் ரிப்பேர் பழக ஆசைப்படுகிற மகனை அனுப்புவீர்களா? படிக்கிற மகளையா? முட்டி தேய்ந்துபோன அம்மாவையா? யாரை அனுப்பினாலும் வீடு நிற்கும். யாரையும் அனுப்பாவிட்டால் வீடு போகும். வாளும் வேண்டாம், பேயும் வேண்டாம், இந்த ஒரு கேள்வி போதும்.

எங்கள் வீட்டில் அந்தப் பேர் அப்பாவுடையதாக இருந்தது. நான் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா இறந்துபோனார். கருமாதி முடிந்த கையோடு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு துரையை, அதாவது தோட்டத்து மேனேஜரை, பார்க்கக் கிளம்பினாள். வீட்டைக் கேட்க வேண்டும். கேட்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது எங்கள் லயத்து வழக்கம். அம்மா பின்பக்கப் பந்தலில் காய்த்திருந்த சவ்சவ்வில் நல்லதாகப் பார்த்துப் பறித்து, ஒரு துணியில் முடிந்துகொண்டாள்.

துரையின் பங்களாவில் முன்பக்கம் போகவில்லை. லயத்து ஆட்கள் யாரும் முன்பக்கம் போக மாட்டார்கள். போகக் கூடாது என்று யாரும் எழுதி மாட்டவில்லை, ஆனாலும் போக மாட்டார்கள். வேலியை ஒட்டிச் சுற்றிக்கொண்டு, பின்பக்கம் குசினிக் கதவுக்கு, அதாவது சமையல்கட்டுக் கதவுக்குப் போய், செருப்பைச் சாக்கடை ஓரமாகக் கழற்றிவிட்டு நின்றோம். சமையல்காரர் எட்டிப் பார்த்து, "துரை சாப்பிடுறாரு, நில்லு" என்றார். நின்றோம். துரை சாப்பிட்டார், தூங்கினார், எழுந்து டீயும் குடித்தார். அதற்கப்புறம்தான் அந்தக் கதவுப் பக்கம் வந்தார். துரை என்றால் வெள்ளைக்காரர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் நம்மைப் போலக் கறுப்பாக, தொப்பையோடு ஒருவர் வந்து நின்றார். சவ்சவ்வைச் சமையல்காரர் வாங்கிக்கொண்டார். "நீ பேர் குடுக்கிறியா?" என்று துரை கேட்டார். அம்மா தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் பேச்சு. மறுநாளே கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளப் போய்விட்டாள்.

அந்தத் தலையாட்டலால்தான் எனக்கு வீடு இருந்தது. அந்த வீட்டிலிருந்துதான் இடைநிலைப் பள்ளிக்குப் போனேன், பல்கலைக்கழகத்துக்குப் போனேன், கோலாலம்பூருக்கு வந்து பொம்மைகளுக்குப் பேச்சு எழுதினேன். தனியாக அந்த வீட்டில் இருந்துகொண்டு, அந்தப் பேரை அம்மா விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கும் ஓய்வு பெறுகிற வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இதை எல்லாம் கூட்டத்தில் சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

முதலாளி மேசையைத் தட்டினார். "அக்கா, பெஸ்ட்லா! டீ தோட்டம்! இன்னும் யாருமே பண்ணலக்கா!" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் வீடு என்று சொல்லவில்லை, டீ தோட்டம் என்றுதான் சொன்னார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தோட்டத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரு வார இறுதியில் எல்லாரும் மலைக்கு வந்தார்கள். எங்கள் தோட்டத்தில் துரை இருந்த பங்களாவை விடுதியாக மாற்றி ரொம்ப நாளாகிவிட்டது. மேனேஜர் என்று ஒருவர் எப்போதாவது கீழேயிருந்து காடியில் வந்து ஆப்பீஸில் தலையைக் காட்டிவிட்டுப் போவார். அந்தப் பங்களாவில்தான் கம்பெனிக்காரர்கள் தங்கினார்கள். நான் லயத்தில் அம்மாவோடு தங்கினேன். மறுநாள் அவர்கள் நம் வீட்டுக்கு வருவார்கள், லயத்தைப் பார்ப்பார்கள், உன்னிடம் பேசுவார்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மா விடிகாலையிலேயே எழுந்து உளுந்து ஆட்டி வடை சுட்டாள், பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகள் வாங்கிப் போட்டாள், கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் வரவில்லை. டீ குடித்துக்கொண்டே தோட்டத்தைப் பார்க்கிற உணவகத்தில் படம் எடுத்தார்கள். கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்கினார்கள். பங்களாவை முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு என்று சுற்றிப் படம் பிடித்தார்கள். சாயங்காலம் போன் செய்து, "அக்கா, மழை வர்ற மாரி இருக்கு. ரோடும் மண்ணாம்ல? அடுத்த தடவ கண்டிப்பா" என்றார் முதலாளி. கேமரன் மலையில் மழை வருகிற மாதிரி இல்லாத சாயங்காலம் எங்கே இருக்கிறது? "பரவால்ல விடுலா, வேல இருக்கும்" என்று அம்மா சொன்னாள். வடையைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாள். எனக்குத்தான் ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை.

சில மாதங்களில் கேம் ஓடத் தொடங்கியது. அழகாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பனி அப்படியே எங்கள் ஊர்ப் பனி. தேயிலை வரிசைகள் மெத்தை மாதிரி. விளையாடுகிறவர் யார் என்றால் துரை. எங்கோ இருந்த தாத்தா இறந்துபோய் அவருக்குப் பங்களாவும் தோட்டமும் வந்து சேர்கின்றன. கொழுந்து கிள்ளுகிற பெண்கள் உருண்டைக் கன்னத்தோடு சிரித்துக்கொண்டே இருந்தார்கள். தொட்டால் குதித்தார்கள். சாயங்காலம் ஆனதும் ஒவ்வொருத்தியாக மறைந்துபோனார்கள். விடிந்ததும் வரிசையில் மறுபடி முளைத்தார்கள். அவர்களுக்கு லயம் வரையவே இல்லை.

"தம்பி, இவங்க ராத்திரி எங்க தூங்குவாங்க?" என்று கேட்டேன்.

"அக்கா, அவங்க வெறும் பொம்மைங்கக்கா."

"வீட்டுக் கதை என்னாச்சு?"

"வேலை முடிச்சுட்டு வந்து விளையாடுறவங்க நிம்மதியா இருக்கணும்கா. வீடு போவுது, யாரை அனுப்புறதுன்னு கேட்டா அழுவாங்க. அழுறதுக்கு யாரு கேம் விளையாடுவா?"

அழுகிறதுக்கு யார் அந்த லயத்தில் பிறந்தார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த உருண்டைக் கன்னப் பெண்களுக்கு "இன்னிக்கு வெயில் நல்லா இருக்கு" என்று எழுதிக் கொடுத்தேன். கம்பெனியை விட்டு வந்துவிட்டால் அந்தக் கதையைப் பற்றிப் பேச அங்கே ஆளிருக்காது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் தோட்டத்தில் அம்மாவுக்குச் சேதி வந்தது. பெரட்டில் எல்லார் முன்னாலும் கிராணி சொன்னாராம், தீபாவளி முடிந்ததும் பேர் எடுத்துவிடுவார்கள், அதற்கடுத்து வீட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று. சாகும்வரை இருந்துகொள்ள விடுவார்களா என்று அம்மா ஆப்பீஸில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். மேலே கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்னோடு கோலாலம்பூரில் வந்து இரு என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "ஒன் வீடு இருக்கு, இல்லன்னு சொல்லல. இது என் வீடுலா" என்று மட்டும் சொன்னாள்.

கேம் வெளியாவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாத ஆட்களிடமும் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் ஒரு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, விரலை எங்கே வைத்தால் ஆள் நடக்கும் என்று காட்டிக் கொடுத்தேன். "இந்த ஆளு நீதாம்மா. நீதான் துரை. பங்களா ஒன்னோடது, தோட்டம் ஒன்னோடது. என்ன வேணா செய்யலாம்."

"நானா? துரையா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சட்டென்று பழகிவிட்டாள். கன்னம் உருண்ட பெண்களைத் தொட்டுக் குதிக்கவைத்து, "ஏன்டி இந்தக் குதி குதிக்கிறீங்க, இடுப்பு என்னாவறது" என்று அவர்களைக் கேலி செய்தாள். கொஞ்ச நேரம் போனது. பிறகு அவளுடைய ஆள் பங்களாத் தோட்டத்துக்குப் போய் ஒரு கேரட்டைப் பிடுங்கினான். கேரட்டைக் கையில் வைத்துக்கொண்டு பங்களாவை நோக்கி நடந்தான். முன்வாசலுக்கு வந்தவன் படியேறாமல், வேலியை ஒட்டிச் சுற்றிக்கொண்டு, பின்பக்கம் போனான். அங்கே சுவர்தான் இருந்தது. சுவரில் போய் முட்டினான். இந்த ஓரம் வந்தான், அந்த ஓரம் போனான், மறுபடி முட்டினான்.

"என்னம்மா பண்றே?"

"கதவு எங்கலா வச்சுருக்காங்க?"

"முன்னாலதாம்மா கதவு. அப்படியே ஏறிப் போ, ஒன் வீடுதானே."

"சும்மா இருலா. குசினிக் கதவு எங்கயாவது இருக்கும்" என்று திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். அவளுடைய ஆள் கேரட்டைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவி நடந்துகொண்டே இருந்தான்.  துரை நீதான் என்று சொன்ன பிறகும், பங்களா உன்னுடையதுதான் என்று சொன்ன பிறகும், கையில் ஒரு காயை வைத்துக்கொண்டு பின்கதவைத் தேடுகிறாள் என் அம்மா. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளை இப்படிப் பழக்கி வைத்தவர்கள் மேல் வந்தது, அந்தப் பின்பக்கத்தை ஒரு தடவை எட்டிக்கூடப் பார்க்காமல் படம் வரைந்தவர்கள் மேலும் வந்தது. டேப்லெட்டை வாங்கி அணைத்து வைத்தேன்.

ஆனால் அது அத்தோடு முடியவில்லை. விளையாடுகிறவர் எங்கெங்கே நடக்கிறார் என்பதை அந்த டேப்லெட் கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. நிறைய நடந்த இடம் படத்தில் சிவப்பாகத் தெரியும். அடுத்த கூட்டத்தில் அந்தப் படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டார்கள். மற்ற எல்லாருக்கும் முன்வாசல் சிவப்பு. ஒரு ஆளுக்கு மட்டும் பங்களாவின் பின்சுவர் காயம்பட்ட மாதிரிச் சிவந்து கிடந்தது.

"யாரு இந்த ஆளு? அங்கயே மாட்டிக்கிட்டாரா?" என்று ஒருவர் கேட்டார். "ரோட்டத் தொலைச்சுட்டாரு போல" என்றார் இன்னொருவர். சிரிப்பு.

"அது எங்கம்மா" என்றேன்.

சிரிப்பு நின்றது. நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன், சவ்சவ்வை, குசினிக் கதவை, துரை தூங்கி எழுந்ததை. குரல் உயர்ந்துவிட்டது. "தம்பி, நான் ஒங்க கேமக் கெடுக்கச் சொல்லல. துரையே விளையாடட்டும். ஆனா பின்னால ஒரு கதவு வைங்க. லயத்த வரைங்க. வீடு போன ஒரு பொம்பளை கையில சவ்சவ்வோட வந்து அந்தக் கதவுல நிக்கட்டும். விளையாடுறவன்தானே துரை? அவனே கதவத் தொறந்து சொல்லட்டும், வீடு உண்டா இல்லையான்னு. சொல்ல முடியாம ஒருத்தன் கேம அணைச்சுட்டா, அணைச்சுட்டுப் போகட்டும். அவன் அத மறக்க மாட்டான்" என்றேன். படம் வரைகிற பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அக்கா," என்றார், "இது தங்கம்கா. பின்கதவு வச்சிரலாம்."

வைத்தார்கள். எப்படி வைத்தார்கள் என்று நான் கேம் வெளியான அன்றுதான் பார்த்தேன். பங்களாவின் பின்சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதவு. கையில் ஒரு காயை வைத்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டினால் அது திறக்கும். திறந்தால் மேளம் கொட்டும், வானத்திலிருந்து பூ விழும், "ரகசியக் கதவைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்!" என்று எழுத்து வரும். உள்ளே ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு தங்க டீ கெண்டி. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

ஆட்களுக்கு அது பிடித்துப்போனது. எப்படி அந்தக் கதவைத் திறப்பது என்று வீடியோ போட்டார்கள். "இதை யோசித்தவன் மூளையே மூளை" என்று ஒருவர் எழுதியிருந்தார். என் அம்மா வெயிலில் நின்ற நிற்பு, செருப்பைக் கழற்றிய கால், ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டிய தலை, அத்தனையும் ஒரு டீ கெண்டிக்கு வேடிக்கையாகிவிட்டது. அவமானத்தைக்கூடப் பரிசாக மாற்றி விற்கத் தெரிந்தவர்களிடம் எதைச் சொல்லி என்ன? கேமின் கடைசியில் வருகிற பேர்களில் கதை என்று என் பேரைப் போட்டிருந்தார்கள். எடுத்துவிடுங்கள் என்றேன். "ஏன்க்கா, இது ஒங்க அம்மாவுக்கு மரியாதைதானே?" என்றார் முதலாளி. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார் என்று நினைக்கிறேன், அதுதான் இன்னும் ஆத்திரம். "தம்பி, எங்கம்மா அங்க கெண்டி கேட்டுப் போகல, வீடு கேட்டுப் போனாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்ப அந்தப் படியை நான் மிதிக்கவில்லை.

தீபாவளி வந்தது, போனது. அம்மாவின் பேரை எடுத்துவிட்டார்கள். சாவி கொடுக்க வேண்டிய நாளன்று நான் லோரி பேசிக்கொண்டு மேலே போனேன். போய்ப் பார்த்தால், விட்டுவிட்டுப் போகிற வீட்டை அம்மா சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். "அடுத்து வர்றவங்க என்ன நெனைப்பாங்க" என்றாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாருக்காக இந்தக் கழுவல் என்று கத்திவிட்டேன். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் மூலையில் நின்ற தண்ணீரைத் தள்ளிவிட்டாள். சாமான்களை ஏற்றினோம். பந்தலில் சவ்சவ் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் பறிக்கவில்லை.

லோரிக்காரர் கயிறு கட்டிக்கொண்டிருந்த நேரம், அம்மா வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் பேச்சை மாற்றினாள் என்று நினைக்கிறேன்.

"அந்த கேமுல, பங்களாவுக்குப் பின்னால கதவு வச்சுட்டாங்களா?"

"வச்சுட்டாங்கம்மா."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல, இருக்கும்னு. தட்டுனா யாரு வர்றா? சமையக்காரரா?"

"யாரும் வர மாட்டாங்கம்மா. உள்ள ஒரு பெட்டி மட்டும்தான் இருக்கும்."

"யாருமே இல்லயா?"

"இல்ல."

வீட்டுச் சாவியை மடியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு, தான் போன மாதம் பங்களாவுக்குப் போன கதையை முதன்முதலாக என்னிடம் சொன்னாள். ஆப்பீஸில் மேலே கேட்க வேண்டும் என்று சொன்னார்கள் அல்லவா, மேலே என்றால் அவளுக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான். விடுதியாகிவிட்டது என்று தெரியும், இருந்தாலும் கேட்கிற இடம் அதுதானே என்று போயிருக்கிறாள். பந்தலிலிருந்து நல்லதாக நாலு சவ்சவ் பறித்துத் துணியில் முடிந்துகொண்டு, வேலியை ஒட்டிச் சுற்றிப் போய், செருப்பைக் கழற்றிவிட்டுக் குசினிக் கதவைத் தட்டியிருக்கிறாள். விடுதியில் வேலை செய்கிற வெளிநாட்டுக்காரர் ஒருவர் கதவைத் திறந்தார். தமிழ் தெரியாத மனுஷன். சமையலுக்குக் காய் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டு, "தெரிமா காசி" என்று மலாயில் நன்றி சொல்லிச் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"நல்ல மனுசந்தான், அவர ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றாள். கையிலிருந்த சாவியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "அந்தப் பங்களாவுலயும் ஆளு இல்ல, நீங்க செஞ்ச பங்களாவுலயும் ஆளு இல்ல." பிறகு என் முகத்தைப் பார்த்து, எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டாள்.

"அப்ப வீட்ட யாருகிட்டதான்லா கேக்கிறது?"